வினைக்குப் பின்னால் வரும் பெட்டர், மோர், லெஸ்: எதை வைப்பது, எங்கே வைப்பது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் ஆங்கில வாக்கியங்களை எல்லாம் தமிழ் எழுத்திலேயே எழுதப் போகிறேன், அதனால் பக்கம் முழுக்க மோரும் தேனுமாக ஓடும், சமையல் குறிப்பு என்று நினைத்து யாரும் தம்ளரோடு வந்துவிட வேண்டாம். மோர் என்றால் அதிகம், தேன் என்றால் 'விட'. அவ்வளவுதான்.

சென்னையில் ஆங்கிலம் கலக்காமல் ஒரு நாளை ஓட்டுவது சிரமம். ஆட்டோவில் ஏறினால் 'கொஞ்சம் ஸ்லோவா போங்க', ஆபீஸ் போனால் 'சீக்கிரம் மெயில் போட்டுடுங்க' என்று ஒற்றைச் சொற்களாகக் கலந்து பேசும்வரை பிரச்சினை இல்லை. முழு ஆங்கில வாக்கியம் பேச வேண்டி வந்து, அதிலும் ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிட வேண்டி வந்தால்தான் நாக்கு இழுக்கிறது. 'ஷீ இஸ் ஷார்ட்டர் தேன் மீ' எல்லோருக்கும் வரும், பள்ளியில் மனப்பாடம் செய்தாயிற்று. அதில் இருக்கும் வினை வெறும் 'இஸ்'. ஓடு, பேசு, ஓட்டு, பிடிக்கும், தூங்கு என்று உண்மையான வினை வந்துவிட்டால் உடனே 'ஹி ரன்ஸ் மோர் ஃபாஸ்ட்', 'ஐ மோர் லைக் காபி', 'கம் ஃபாஸ்ட்லி', 'நவ் இட் இஸ் வெரி பெட்டர்' என்று ஆரம்பித்துவிடுகிறது. நன்றாகப் படித்தவர்கள், நல்ல வேலையில் இருப்பவர்கள் வாயிலிருந்தே இதெல்லாம் வரும்.

இதற்குக் காரணம் சோம்பேறித்தனம் இல்லை, தமிழ். 'ரவியை விடக் குமார் வேகமாக ஓடுவான்' என்ற வாக்கியத்தில் 'ரவியை விட' என்பதைத் தூக்கிவிட்டுப் பாருங்கள். 'குமார் வேகமாக ஓடுவான்'. வேகமாக என்ற சொல்லில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. ஒப்பிடும் வேலை முழுவதையும் நாம் ரவியின் தலையில் கட்டிவிடுகிறோம். நன்னூலே ஐந்தாம் வேற்றுமைக்குச் சொல்லும் நான்கு பொருள்களில் ஒப்பும் ஒன்று, அதாவது நம் ஊரில் ஒப்பீடு பழங்காலத்திலிருந்தே பெயர்ச்சொல்லின் பொறுப்பு. ஆங்கிலத்தில் அந்தப் பொறுப்பு ஃபாஸ்ட் என்ற சொல்லுக்கு. அது ஃபாஸ்டர் என்று மாறியே ஆக வேண்டும், ரவி தேனுக்குப் பின்னால் சும்மா நிற்பார். அதோடு தமிழில் எல்லாமே வினைக்கு முன்னால் வந்து முடிந்துவிடும், வினைதான் கடைசி. ஆங்கிலத்தில் வினை முன்னாலேயே போய்விடும், ஒப்பீடு வால் மாதிரி பின்னால் வரும். ஆகவே கவனிக்க வேண்டியவை இரண்டு: வால் எங்கே ஒட்டும், எந்த உருவத்தில் ஒட்டும்.

எங்கே ஒட்டும்

வரிசை இதுதான்: ஆள், வினை, எதைச் செய்தார் என்ற பொருள், அதற்கு அப்புறம் ஒப்பீடு, கடைசியில் தேன். 'ஷீ ஸ்பீக்ஸ் இங்கிலீஷ் பெட்டர் தேன் மீ.' 'ஹி டிரைவ்ஸ் த கார் மோர் கேர்ஃபுல்லி தேன் ஹிஸ் பிரதர்.' ஸ்பீக்ஸுக்கும் இங்கிலீஷுக்கும் நடுவில் எதையும் நுழைக்காதீர்கள். 'ஷீ ஸ்பீக்ஸ் பெட்டர் இங்கிலீஷ்' என்றும் சொல்வார்களே என்று கேட்பீர்கள். சொல்லலாம். ஆனால் அங்கே பெட்டர் இங்கிலீஷுக்கு அடைமொழி, அவள் பேசும் ஆங்கிலம் தரமானது என்று பொருள். இந்த ஒரு வாக்கியத்தில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே பொருளில் வந்து நிற்பதால் வித்தியாசம் தெரிவதில்லை. கீழே இருப்பதைப் பாருங்கள், தெரியும்.

'ஐ லைக் இட்லி மோர் தேன் தோசை' என்றால் தோசையை விட இட்லி எனக்கு அதிகம் பிடிக்கும். இதையே 'ஐ லைக் மோர் இட்லி தேன் தோசை' என்றால், தட்டில் இட்லி அதிகமாகவும் தோசை குறைவாகவும் இருந்தால்தான் எனக்குப் பிடிக்கும் என்பது போல எண்ணிக்கைக் கணக்காகிவிடும். மோர் எந்தச் சொல்லின் முன்னால் நிற்கிறதோ அதைப் பிடித்துக்கொள்ளும். பொருளுக்குப் பின்னால் நின்றால்தான் அது வினையைப் பார்க்கும். 'ஐ மோர் லைக்' என்று வினைக்கு முன்னால் வைப்பது நேராகத் தமிழிலிருந்து வருவது, 'அதிகமா பிடிக்கும்' என்ற நம் வரிசை. கேட்பவருக்குப் புரியும், ஆனால் காதில் இடறும்.

பொருள் இல்லாத வினைகளுக்கு இந்தத் தொல்லை கிடையாது. 'ஸ்லீப் மோர்', 'டாக் லெஸ்', 'ரன் ஃபாஸ்டர்', 'வெயிட் லாங்கர்' என்று வினை, உடனே ஒப்பீடு. ரயில்வேயின் பழைய வாசகம் 'லெஸ் லக்கேஜ் மோர் கம்ஃபர்ட்' எல்லோருக்கும் தெரியும், அதில் லெஸும் மோரும் பெயர்ச்சொற்களுக்கு முன்னால் நிற்கின்றன. அதையே வினையோடு சொன்னால் 'கேரி லெஸ், ரிலாக்ஸ் மோர்'. பின்னால் போய்விட்டன பாருங்கள்.

எந்த வினை என்று முதலில் பாருங்கள்

இந்த இடத்தைப் பாடப்புத்தகங்கள் கட்டம் போட்டு இரண்டு வரியில் முடித்துவிடுகின்றன. என்னைக் கேட்டால் பாதிக் குழப்பம் இங்கேதான் இருக்கிறது.

சில வினைகள் உண்மையில் எதையும் செய்வதில்லை. லுக், ஃபீல், டேஸ்ட், ஸ்மெல், சவுண்ட், சீம், கெட், பிகம் இதெல்லாம் அந்த வகை. காபி எதையும் 'டேஸ்ட்' செய்வதில்லை, நாம்தான் குடிக்கிறோம். அதனால் 'திஸ் காபி டேஸ்ட்ஸ் ஸ்ட்ராங்கர் தேன் தட் ஒன்' என்பதுதான் சரி, 'மோர் ஸ்ட்ராங்லி' வராது. ஏனென்றால் ஸ்ட்ராங்கர் என்பது காபியைப் பற்றியது, சுவைக்கும் செயலைப் பற்றியதல்ல. சோதித்துப் பார்க்க எளிய வழி: அந்த வினையை எடுத்துவிட்டு 'இஸ்' போடுங்கள். 'திஸ் காபி இஸ் ஸ்ட்ராங்கர்', பொருள் கெடவில்லை. அப்படியென்றால் பின்னால் 'லி' இல்லாத உருவம்தான் வரும்.

இப்போது லுக் என்ற ஒரே சொல்லை இரண்டு இடத்தில் வைத்துப் பாருங்கள். மயிலாப்பூரில் ஒரு மெஸ், சாப்பிட்டு முடித்தாயிற்று, பில் வருகிறது. கல்லாவில் இருப்பவர் போன மாதம் பார்த்ததை விட இளைத்திருக்கிறார்: 'ஹி லுக்ஸ் தின்னர்.' பில்லில் நாம் கேட்காத ஒரு வடை ஏறியிருக்கிறது, அதனால் அதை இன்னும் கவனமாகப் பார்க்கிறோம்: 'வி லுக் அட் த பில் மோர் கேர்ஃபுல்லி.' முதல் லுக்கில் அவர் எதையும் பார்க்கவில்லை, தோற்றம் அளிக்கிறார், 'இஸ்' போடலாம். இரண்டாவது லுக்கில் கண் வேலை செய்கிறது, 'வி ஆர் அட் த பில்' என்று போட்டால் உளறல். ஆகவே அங்கே 'லி' வேண்டும். ஃபீல், ஸ்மெல் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். 'த ஃபிஷ் ஸ்மெல்ஸ் வொர்ஸ் டுடே' என்றால் மீன் நாறுகிறது, மீனின் மோப்ப சக்தி குறைந்துவிட்டது என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

அர் போடுவதா, மோர் போடுவதா

செயலைச் சொல்லும் வினை என்று தெரிந்துவிட்டது. ஃபாஸ்ட், ஹார்ட், லேட், எர்லி, லாங், சூன், ஹை, நியர் இவை எல்லாம் வினைக்கு அடையாக வரும்போதும் உருவம் மாறாதவை. எனவே அர் மட்டும் போதும்: ஃபாஸ்டர், ஹார்டர், லேட்டர், எர்லியர், லாங்கர், சூனர். 'ஃபாஸ்ட்லி' என்று ஒரு சொல்லே இன்றைய ஆங்கிலத்தில் புழக்கத்தில் இல்லை, நம் ஊரில் மட்டும் நன்றாகப் புழங்குகிறது. ஹார்ட்லி இருக்கிறது, ஆனால் அதற்கு அர்த்தம் வேறு: 'ஹி வொர்க்ஸ் ஹார்டர் தேன் எவரிஒன்' என்றால் எல்லோரையும் விட உழைக்கிறார், 'ஹி ஹார்ட்லி வொர்க்ஸ்' என்றால் வேலையே செய்வதில்லை. அப்ரைசல் படிவத்தில் இதை மாற்றி எழுதினால் அந்த ஆளின் இன்க்ரிமென்ட் போச்சு.

கேர்ஃபுல்லி, ஃப்ளூயன்ட்லி, பொலைட்லி, ரெகுலர்லி போன்ற நீளமான 'லி' சொற்களுக்கு மோர்தான். 'ஸ்பீக் மோர் பொலைட்லி.' இதில் யாருக்கும் சந்தேகம் வராது.

தகராறு நடுவில் இருக்கும் சிலவற்றில்தான்: ஸ்லோ, க்விக், லவுட், சீப், ஈஸி. 'டிரைவ் ஸ்லோவர்' சரியா, 'டிரைவ் மோர் ஸ்லோலி' சரியா? இரண்டும் சரி. பேச்சில் முதலாவது, கொஞ்சம் விறைப்பான எழுத்தில் இரண்டாவது. 'லி' இல்லாமல் சொன்னால் இலக்கணப் பிழை என்று நினைக்கும் ஒரு கூட்டம் உண்டு, அவர்களுக்காகச் சொல்கிறேன்: பழைய ஆங்கிலத்தில் இப்படிப்பட்ட வினையடைகளுக்குக் கடைசியில் ஒரு சிறிய எ ஒலி இருந்தது, காலப்போக்கில் அது உதிர்ந்துபோனது, மிச்சம் நின்றதுதான் இந்த ஃபாஸ்ட், ஸ்லோ, ஹார்ட் எல்லாம். 18ஆம் நூற்றாண்டில் இலக்கணம் எழுதியவர்கள், 1762இல் இலக்கண நூல் வெளியிட்ட ராபர்ட் லௌத் உட்பட, பெயரடையை வினையடையாகப் பயன்படுத்துவது முறையல்ல என்று சொல்லிவைத்தார்கள். அந்தப் பயம் இன்னும் பள்ளிக்கூடங்களில் இருக்கிறது. 1997இல் ஆப்பிள் நிறுவனம் 'திங்க் டிஃபரன்ட்' என்று விளம்பரம் செய்தபோதும், டிஃபரன்ட்லி என்றல்லவா இருக்க வேண்டும் என்று சண்டை பிடித்தவர்கள் உண்டு. வாடிக்கையாளரிடம் 'குட் யூ ஸ்பீக் எ பிட் ஸ்லோவர்?' என்று தாராளமாகக் கேளுங்கள். ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஹார்டு டிஸ்க் வாங்கின நண்பரிடம் 'யூ குட் ஹேவ் காட் இட் சீப்பர்' என்று வயிற்றெரிச்சல் கிளப்பலாம், அங்கே 'மோர் சீப்லி' என்றால் நீங்கள் தீர்ப்பு வாசிப்பது போல இருக்கும்.

ஒலிம்பிக் வாசகத்தையும் இங்கே பார்த்துவிடலாம். நவீன ஒலிம்பிக்கைத் தொடங்கிவைத்த கூபர்தென் 1894இல் முன்வைத்த லத்தீன் வாசகம் ஆங்கிலத்தில் 'ஃபாஸ்டர், ஹையர், ஸ்ட்ராங்கர்' ஆனது, 2021இல் 'டுகெதர்' சேர்ந்தது. முதல் இரண்டும் செயலோடு நேராக ஒட்டும்: 'ரன் ஃபாஸ்டர்', 'ஜம்ப் ஹையர்'. ஸ்ட்ராங்கர் பெரும்பாலும் ஆளைப் பற்றியது: 'கெட் ஸ்ட்ராங்கர்', 'கம் பேக் ஸ்ட்ராங்கர்'. திரும்பி வரும் செயல் பலமானதல்ல, வருகிற ஆள் பலமானவர். மேலே சொன்ன லுக் கதையேதான், வாசகத்தில் மூன்றும் ஒரே வரிசையில் நிற்பதால் கண்ணில் படுவதில்லை.

ஒழுங்கில் அடங்காதவை கொஞ்சம்தான். வெல் என்றால் பெட்டர், பேட்லி என்றால் வொர்ஸ், மச் என்றால் மோர், லிட்டில் என்றால் லெஸ், ஃபார் என்றால் ஃபார்தர் அல்லது ஃபர்தர். பெட்டரும் வொர்ஸும் ஏற்கனவே ஒப்பிட்டு முடித்த சொற்கள், மறுபடி மோர் ஏற்ற வேண்டாம். ஷேக்ஸ்பியர் காலத்தில் 'மோர் பெட்டர்' எல்லாம் சாதாரணமாக ஓடியது, அதற்காக இன்டர்வியூவில் அவரைச் சாட்சிக்கு இழுக்க முடியாது.

அதே மாதிரி ஒப்பீட்டுக்கு முன்னால் வெரி வராது. 'வெரி குட்' வரும், 'வெரி பெட்டர்' வராது. மச் பெட்டர், எ லாட் பெட்டர், ஃபார் பெட்டர் என்று போடுங்கள். கொஞ்சம் என்றால் 'எ பிட்' அல்லது 'எ லிட்டில்'. நாம் 'இன்னும்' என்று சொல்லும் இடத்தில் ஈவன்: 'ஏப்ரல் வாஸ் ஹாட், கத்திரி ஃபெல்ட் ஈவன் ஹாட்டர்.' கேள்வியில் எனி. காய்ச்சலில் படுத்திருப்பவரிடம் 'இப்போ தேவலையா?' என்று கேட்பதற்கு 'ஆர் யூ ஃபீலிங் எனி பெட்டர்?' அப்படியே பொருந்தும்.

குறைவு என்று சொல்ல வேண்டி வந்தால் இன்னொரு விஷயம். 'ஹி டிரைவ்ஸ் லெஸ் ஃபாஸ்ட்' என்று யாரும் பேசுவதில்லை, இலக்கணப்படி தப்பில்லை என்றாலும். 'ஹி டஸின்ட் டிரைவ் அஸ் ஃபாஸ்ட் அஸ் ஹிஸ் பிரதர்' என்பார்கள். தம்பி அளவுக்கு வேகமா ஓட்ட மாட்டான் என்று நாம் சொல்வதும் அதுதானே, இந்த ஓர் இடத்தில் தமிழை அப்படியே நம்பலாம்.

தேனுக்கு அப்புறம் என்ன

'பெட்டர் தேன் மீ' என்பதா, 'பெட்டர் தேன் ஐ' என்பதா? பேச்சில் மீதான் இயல்பு. தனியாக 'தேன் ஐ' என்று நிறுத்தினால் பழங்காலத்து வாத்தியார் வாடை அடிக்கும். இரண்டு பக்கமும் திட்டு வாங்காமல் தப்பிக்க, ஐ போட்டு ஒரு குட்டி வினையையும் சேர்த்துவிடுங்கள்: 'ஷீ சிங்ஸ் பெட்டர் தேன் ஐ டூ.' இறந்தகாலம் என்றால் டிட்: 'ஷீ ஸ்கோர்ட் ஹையர் தேன் ஐ டிட்.' முடியும் என்றால் கேன்: 'ஷீ கேன் ரன் ஃபர்தர் தேன் ஐ கேன்.' முதல் வினை எந்தக் காலமோ வாலும் அந்தக் காலம். நம் ஊர் குகேஷ் 2024 டிசம்பரில் 18 வயதில் உலக சதுரங்கப் பட்டம் வென்றார், கேஸ்பரோவ் 1985இல் வென்றபோது அவருக்கு 22. 'குகேஷ் வன் த டைட்டில் எர்லியர் இன் லைஃப் தேன் கேஸ்பரோவ் டிட்.'

இந்தக் குட்டி வினை அழகுக்காக மட்டும் இல்லை, குடும்பத்தையும் காப்பாற்றும். 'ஷீ லவ்ஸ் காபி மோர் தேன் ஹர் ஹஸ்பண்ட்' என்று ஒருவர் எழுதினால், கணவருக்குப் பிடிப்பதை விட அவளுக்குக் காபி அதிகம் பிடிக்குமா, இல்லை கணவரை விடக் காபிதான் அவளுக்கு உயிரா? 'தேன் ஹர் ஹஸ்பண்ட் டஸ்' என்று டஸ் சேர்த்தால் முதல் அர்த்தம். 'தேன் ஷீ லவ்ஸ் ஹர் ஹஸ்பண்ட்' என்றால் இரண்டாவது. இரண்டாவதைச் சொல்ல நினைப்பவர்கள் யோசித்து எழுதுங்கள்.

ஆளே இல்லாமலும் தேன் முடியும், அலுவலகத்தில் இது மிகவும் பயன்படும்: தேன் யூஷுவல், தேன் எக்ஸ்பெக்டட், தேன் பிஃபோர். 'த டிரெயின் கேம் லேட்டர் தேன் யூஷுவல்.' 'டெஸ்டிங் டுக் லாங்கர் தேன் எக்ஸ்பெக்டட்.' கடைசி வாக்கியத்தை ஓ.எம்.ஆரில் வேலை பார்ப்பவர்கள் மனப்பாடம் செய்தே வைத்திருப்பார்கள்.

பிடித்தது, பிடிக்காதது

லைக்கோடு மோர், பெட்டர் இரண்டும் வரும். 'ஐ லைக் பெசன்ட் நகர் பெட்டர் தேன் மெரினா' என்றாலும் மோர் என்றாலும் ஒன்றுதான்.

ப்ரிஃபர் வேறு ஜாதி. 'ஐ ப்ரிஃபர் காபி டு டீ.' மோர் வேண்டாம், தேனும் வேண்டாம், டு மட்டும். அதிகம் விரும்புகிறேன் என்பது அந்த வினைக்குள்ளேயே அடங்கிவிட்டது, அதனால் 'மோர் ப்ரிஃபர்' என்றால் இரண்டு தடவை சர்க்கரை போட்ட காபி. செயல்களை ஒப்பிட்டாலும் டுதான்: 'ஐ ப்ரிஃபர் வாக்கிங் டு டிரைவிங்.' சீனியர், ஜூனியர், சுப்பீரியர், இன்ஃபீரியர் இவையும் டு கேட்பவை, ஏனென்றால் அந்த 'இயர்' வாலே லத்தீனில் ஒப்பீட்டு விகுதி. 'சீனியர் தேன் மீ' என்று சொல்லாதீர்கள். எல்டருக்குப் பின்னால் தேன் வராது, ஓல்டருக்குத்தான் வரும். 'ஷீ லுக்ஸ் ஓல்டர் தேன் மீ', சொல்வது தைரியம் இருந்தால்.

'ஐ வுட் ரேதர்' என்பதை நம்மவர்கள் அதிகம் பயன்படுத்துவதில்லை, நஷ்டம். 'ஆட்டோக்குக் கொடுக்கிறதுக்கு நடந்தே போயிடலாம்' என்று நாம் சலித்துக்கொள்வதற்கு அதுதான் சரியான ஆங்கிலம்: 'ஐட் ரேதர் வாக் தேன் டேக் ஆன் ஆட்டோ.' இரண்டு பக்கமும் வெறும் வினை, நடுவில் டு கிடையாது. இன்னொருவர் செய்ய வேண்டும் என்றால் வினை இறந்தகால உருவத்துக்குப் போகும்: 'ஐட் ரேதர் யூ கேம் டுமாரோ.' நாளைக்கு வருவதற்கு ஏன் கேம் என்று மூளையைக் குழப்பிக்கொள்ளாதீர்கள், அப்படித்தான்.

கூடிக்கொண்டே போவது

மாறிக்கொண்டே இருக்கும் விஷயத்துக்கு கெட் என்ற வினையும் இரட்டை ஒப்பீடும். 'இட் இஸ் கெட்டிங் ஹாட்டர் அண்ட் ஹாட்டர்.' நாம் சூடா சூடா, மெல்ல மெல்ல என்று அடுக்கிப் பழகியதால் நடுவில் இருக்கும் அண்டை விட்டுவிடுவோம், விடக்கூடாது. மோர் எடுக்கும் சொல் என்றால் மோர் மட்டும் இரட்டிக்கும்: 'வேளச்சேரி இஸ் கெட்டிங் மோர் அண்ட் மோர் எக்ஸ்பென்சிவ்.'

'சீக்கிரம் கிளம்பினா சீக்கிரம் போய்ச் சேரலாம்' என்பதற்கு: 'த எர்லியர் யூ லீவ், த சூனர் யூ கெட் தேர்.' இவ்வளவு நேரம் வினைக்குப் பின்னால் என்று நான் சொன்னதை இந்த அமைப்பு மீறுகிறது, ஒப்பீடு இரண்டும் முன்னால் குதித்து வந்து நிற்கின்றன, ஒவ்வொன்றுக்கும் ஒரு த வேறு. விதிவிலக்கு என்று ஒதுக்கிவிடாமல் நாலைந்து வாக்கியம் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள், ஏனென்றால் பேச்சில் இது நிறைய வரும். கிண்டி பாலத்தில் மாட்டிக்கொண்டு நிற்கும்போது பழக நிறைய நேரம் கிடைக்கும்.

இல்லை என்று சொல்லி உச்சத்தைச் சொல்வது

இது வெளிநாட்டுக்காரர்களோடு பேசும் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. ராத்திரி ஒன்பது மணி கால் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெருங்குடியில் ஒரு மீட்டிங் அறை, ஸ்பீக்கர்போனைச் சுற்றி ஐந்து பேர். டீம் லீட் ஒரு யோசனை சொல்கிறார், லண்டனிலிருந்து பதில் வருகிறது: 'ஐ குட்ன்ட் அக்ரீ மோர்.' அறையில் புதிதாகச் சேர்ந்த பையனின் முகம் வாடுகிறது. அவன் காதில் விழுந்தது 'குட்ன்ட் அக்ரீ' வரைக்கும்தான், மறுத்துவிட்டார் என்று நினைத்துவிட்டான். சொன்னவரோ நூற்றுக்கு நூறு ஒத்துக்கொண்டிருக்கிறார். இதற்கு மேல் ஒத்துப்போக இடமே இல்லை என்கிறார். வாலில் இருக்கும் அந்த மோர்தான் வாக்கியத்தையே தலைகீழாகத் திருப்புகிறது.

இது நமக்குப் புதிதே இல்லை. 'இதை விட நல்லா யாராலும் சொல்ல முடியாது' என்று நாமும்தான் புகழ்கிறோம், முடியாது என்ற சொல் அதிலும் இருக்கிறது, யாரும் வருத்தப்படுவதில்லை. தமிழில் 'இதை விட' முதலிலேயே வந்து எச்சரித்துவிடுகிறது. ஆங்கிலத்தில் வாக்கியம் முடியும்வரை பொறுத்திருக்க வேண்டும். 'ஐ குட்ன்ட் ஹேவ் செட் இட் பெட்டர்', 'திங்ஸ் குட்ன்ட் பி பெட்டர்', 'ஐ ஹேவ் நெவர் ஸ்லெப்ட் பெட்டர்' எல்லாம் பாராட்டு, மகிழ்ச்சி. ஹவ் ஆர் யூ என்று கேட்டதற்கு 'நெவர் பெட்டர்' என்று பதில் வந்தால் பிரமாதமாக இருக்கிறார், அனுதாபம் தெரிவிக்காதீர்கள். 'ஐ குட்ன்ட் கேர் லெஸ்' மட்டும் கசப்பு: எனக்குத் துளியும் அக்கறை இல்லை. அமெரிக்கர்கள் சிலர் இதையே 'ஐ குட் கேர் லெஸ்' என்று இல்லையைக் கழற்றிவிட்டுச் சொல்வார்கள், அர்த்தம் மாறாது, தர்க்கத்தைத் தேடாதீர்கள்.

இல்லை இல்லாமல் வந்தால் கதையே வேறு. 'இட் குட் பி பெட்டர்' என்று உங்கள் டிசைனைப் பார்த்து ஓர் ஆங்கிலேயர் சொன்னால், இன்னும் நன்றாக வரும் என்று ஊக்கப்படுத்துவதாகச் சந்தோஷப்பட வேண்டாம். பிடிக்கவில்லை என்கிறார். 'ஐ ஹேவ் சீன் பெட்டர்' அதை விட மோசம். 'இட் குட் பி வொர்ஸ்' என்றால் பரவாயில்லை, ஓட்டலாம்.

இதன் பக்கத்திலேயே வருவது 'எனி மோர்', 'எனி லாங்கர்'. 'ஐ டோன்ட் லிவ் இன் அடையாறு எனி மோர்', இப்போது அங்கே இல்லை. 'ஐ கான்ட் வெயிட் எனி லாங்கர்', இதற்கு மேல் காத்திருக்க முடியாது. இரண்டும் வாக்கியத்தின் கடைசியில்தான் உட்காரும்.

பெட்டரில் இரண்டு பொறிகள்

'நோ பெட்டர்' என்பதில் வரும் நோ, தெரியும் என்ற வினையாக இருந்தால் விவரம் தெரிந்து நடந்துகொள்வது என்று பொருள். 'யூ ஷுட் நோ பெட்டர்' என்று ஒருவர் சொன்னால் பொது அறிவை வளர்க்கச் சொல்லவில்லை, 'உனக்கு இதுகூடத் தெரியாதா, இப்படிச் செய்யலாமா' என்று திட்டுகிறார். கூடவே தேன் டு வரும்: 'ஐ நோ பெட்டர் தேன் டு பார்கெய்ன் வித் ஹர்', அந்தம்மாவிடம் பேரம் பேசும் அளவுக்கு நான் முட்டாள் இல்லை. கோயம்பேடு மார்க்கெட்டுக்குப் போய் வந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, 'ஹேட் பெட்டர்'. 'நீங்க இன்னிக்கே அனுப்பிட்டா நல்லது' என்று பணிவாகச் சொல்ல நினைத்து 'யூ ஹேட் பெட்டர் சென்ட் இட் டுடே' என்று மெயில் எழுதுகிறார்கள். ஆங்கிலக் காதில் அது பணிவாக விழாது, 'அனுப்பாவிட்டால் பார்த்துக்கொள்' என்ற மிரட்டல் அதில் ஒளிந்திருக்கிறது. பெற்றோர் பிள்ளையிடம் சொல்லலாம், நண்பனிடம் சொல்லலாம், மழை வரும்போலிருந்தால் 'ஐட் பெட்டர் கோ' என்று நம்மைப் பற்றி நாமே சொல்லிக்கொள்ளலாம், அதில் யாருக்கும் உறுத்தாது. மேலதிகாரிக்கும் வாடிக்கையாளருக்கும் 'இட் வுட் பி பெட்டர் இஃப் யூ குட் சென்ட் இட் டுடே' என்று எழுதுங்கள், அல்லது பெட்டரையே விட்டுவிட்டு 'குட் யூ ப்ளீஸ் சென்ட் இட் டுடே?' என்று கேட்டுவிடுங்கள்.